பெங்களூரில் காரிலேயே சில வாரம் தங்க நேர்ந்தால்

பழைய வீட்டைக் காலி செய்தாயிற்று, அட்வான்ஸ் திரும்பி வரவில்லை, புது ஓனரோ பத்து மாத வாடகையை மொத்தமாக வை என்கிறார். இந்த ஊரில் யாருக்கும் வரக்கூடிய நிலைமைதான். எனக்கு வந்தது, 18 ராத்திரி காரில் படுத்தேன்.

எங்கே படுப்பது என்றுதான் எல்லோரும் யோசிப்பார்கள். ஆனால் உண்மையான தலைவலி காலை ஆறு மணிக்கு வயிறு கூப்பிடும்போது வரும். அதனால் முதலில் கழிப்பறையைப் பிடியுங்கள், அதற்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் தேடுங்கள். பெட்ரோல் பங்குகளில் கழிப்பறை, குடிநீர், டயருக்குக் காற்று மூன்றும் இலவசமாகத் தர வேண்டும். ஓசூர் ரோடு, துமகூரு ரோடு பக்கம் லாரிகள் ஒதுங்கும் பெரிய பங்க் என்றால் பெட்ரோல் போடும்போதே மேனேஜரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். என்னை இரண்டு பேர் முடியாது என்று அனுப்பினார்கள், மூன்றாமவர் காற்றடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓரத்தைக் காட்டினார். குளியலுக்கு ஷவர் உள்ள ஜிம்மில் ஒரு மாதம் சேர்ந்துவிடுங்கள், உடற்பயிற்சி உங்கள் இஷ்டம்.

பெண்கள் தனியாக என்றால் ரோட்டோரமே வேண்டாம், தெரிந்தவர் அபார்ட்மென்ட் பார்க்கிங் மட்டும்தான். அங்கேயும் செக்யூரிட்டி அண்ணனுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

இப்போது உயிர் போகிற விஷயம். இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்கவே கூடாது, அதுவும் பேஸ்மென்ட்டில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, தூக்கத்திலேயே கதை முடிந்துவிடும். மூடிய காரில் கொசுவர்த்தியும் வேண்டாம், கதவின் மேல் பாதியில் சாக்ஸ் மாதிரி மாட்டும் வலை கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கண்ணாடியை இரண்டு பக்கமும் ஒரு விரல் அளவு இறக்கி வைத்தால் போதும், மூடிவிட்டால் மூச்சுக்காற்றிலேயே கண்ணாடி வியர்த்து, உள்ளே ஆள் இருப்பது தெருவுக்கே தெரிந்துவிடும். நல்லவேளை இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதனால் ராத்திரியில் சூடு குறைவு. சென்னை மே மாதத்தில் இப்படித் தங்க யாருக்கும் நான் யோசனை சொல்ல மாட்டேன். டிசம்பர் என்றால் கம்பளி இல்லாமல் முடியாது.

பின்சீட்டை மடக்கி, முன்சீட்டை முன்னுக்குத் தள்ளி, நடுவே வரும் பள்ளத்தில் சூட்கேஸை வைத்து மேலே மெத்தை விரித்தேன். டிரைவர் சீட்டை மட்டும் காலியாக விட்டுவையுங்கள், ஏதாவது சரியில்லை என்று பட்டால் தாவி உட்கார்ந்து கிளம்பிவிடலாம். வெளியிலிருந்து பார்க்காமல் இருக்கக் கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்ட 2012இலேயே சுப்ரீம் கோர்ட் தடை போட்டுவிட்டது. நிறுத்தியிருக்கும்போது துண்டை கிளிப் போட்டு மாட்டுங்கள், ஓட்டும் முன் கழற்றிவிடுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் மரத்தடி வேண்டாம். பகலில் நிழல் தரும் அதே கிளைதான் சாயங்காலக் காற்றில் முறிந்து கூரைமேல் விழும். சுரங்கப்பாதைப் பக்கமும் போகாதீர்கள், 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிளில் தேங்கிய மழைநீரில் கார் மாட்டி ஓர் இளம்பெண் இறந்தே போனார்.

ரோந்து போலீஸ் தட்டினால் உள்விளக்கைப் போட்டு, ஆர்சியும் லைசென்ஸும் நீட்டி, "மனெ காலி மாடித்தீனி சார், ஒந்து வார அஷ்டே" (வீட்டைக் காலி செய்துவிட்டேன் சார், ஒரு வாரம்தான்) என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரிக் கன்னடம் பாதி வேலையை முடித்துவிடும்.

சாப்பாட்டை வெளியே தர்ஷினியில், அதாவது நின்றபடியே சாப்பிடும் சின்ன ஹோட்டலில், முடித்துவிடுங்கள். ஒருநாள் தயிர்சாதம் சீட்டில் கொட்டி, நான்கு நாள் அந்த வாடையிலேயே படுத்தேன்.

அப்புறம், பழைய ஓனரிடம் அட்வான்ஸைப் போனில் கேட்காதீர்கள், தேதி போட்டு வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அக்ரிமென்ட் நகலும் பணம் அனுப்பிய பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கூடவே போகட்டும். எனக்கு 17ஆம் நாள் பணம் வந்தது அதற்கப்புறம்தான்.