சிஸ்டம் இமேஜ்: எடுக்கும்போதும் திரும்ப ஏற்றும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்றாம் தவணை முடிகிற நேரம். புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர், பாடசாலை அலுவலகக் கணினியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளிநொச்சியில் இருக்கிற என் கடைக்கு வந்தார். ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. ஆனால் அவர் முகத்தில் பெரிதாகக் கவலை இல்லை.

“இமேஜ் எடுத்து வைச்சிருக்கிறன் தம்பி. புது டிஸ்க் போட்டு அதை ஏத்திவிட்டால் சரி.”

இமேஜ் என்றால் வின்டோஸ், மென்பொருள்கள், கோப்புகள் எல்லாவற்றையும் டிஸ்க்கில் இருக்கிறபடியே எடுத்து வைக்கும் பிரதி.

“எங்க சேர் வைச்சிருக்கிறியள்?”

“டி டிரைவில.”

அந்த டி, செத்துப்போன அதே டிஸ்க்கின் மற்றப் பாதி. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டே நின்றேன்.

சி, டி என்று இரண்டு பெயர் தெரிவதால் இரண்டு பொருள் என்று நினைத்துவிடுகிறோம். ஒரே காணியை வேலி போட்டுப் பிரித்தது மாதிரித்தான் அது. வெள்ளம் வந்தால் வேலி மறிக்காது. வைரஸ் பிடித்தாலோ ஏதாவது அப்டேட் குழப்பினாலோ டி-யில் உள்ள இமேஜ் உதவலாம். டிஸ்க்கே பழுதானால் உதவாது. ஆகவே இமேஜ் தனியான வெளி டிஸ்க் ஒன்றில் இருக்க வேண்டும். எடுத்து முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். எப்போதும் செருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தது நினைவிருக்கும். கணினிக்குக் கீழே லாச்சியில் வைத்த டிஸ்க்கும் கணினியோடு சேர்ந்தே நனையும். இன்னொரு பிரதி வேறு வீட்டில், கொஞ்சம் உயரமான இடத்தில் இருக்கட்டும்.

இவ்வளவு கவனம் எதற்கு, வின்டோஸைப் புதிதாகப் போட்டால் முடிந்தது என்று சிலர் கேட்பார்கள். வின்டோஸ் போடுவது ஒரு மணி நேர வேலைதான். அதற்குப் பிறகு பாமினி எழுத்துரு, தமிழ் விசைப்பலகை, சிங்கள எழுத்துரு, பிரின்டர், ஸ்கேனர், கணக்கு மென்பொருள், அதற்கெல்லாம் மொபைல் டேட்டாவில் இறக்க வேண்டிய அப்டேட்டுகள். ஓர் அலுவலகக் கணினி பழையபடி வேலைக்கு வர இரண்டு நாளாவது போய்விடும். நல்ல இமேஜ் ஒன்று இருந்தால் அரை நாள் போதும்.

சி-யை மட்டும் எடுப்பது

என்னிடம் வரும் இமேஜ்களில் அதிகம் காணும் குறை இதுதான். வின்டோஸ் சி-யில் இருக்கிறது, ஆகவே சி போதும் என்று நினைக்கிறார்கள். வின்டோஸில் டிஸ்க்கின் பகுதிகளைக் காட்டும் டிஸ்க் மனேஜ்மென்டைத் திறந்து பாருங்கள். இப்போதைய கணினிகளில் சி-க்கு முன்னால் ஒரு சின்னப் பகுதி இருக்கும். ஈஎப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று பெயர், பெரும்பாலும் 100 எம்பி. கணினி கண் விழித்ததும் முதலில் தேடுவது அதைத்தான். வின்டோஸை எங்கிருந்து தொடங்குவது என்ற குறிப்பு அங்கேதான் இருக்கிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத 16 எம்பி பகுதி ஒன்றும், பின்னால் ரிக்கவரி பகுதி ஒன்றும் உண்டு. பழைய முறையில் போட்ட கணினிகளில் சிஸ்டம் ரிசேர்வ்ட் என்ற பெயரில் ஒரு பகுதி இருக்கும்.

அதே டிஸ்க்கில், மற்றப் பகுதிகள் அப்படியே இருக்க, சி-யை மட்டும் திரும்ப ஏற்றினால் வேலை செய்யும். புது டிஸ்க்கில் சி-யை மட்டும் ஏற்றினால் திரை கறுப்பாகவே நிற்கும். பிறகு பிசிடிபூட் என்ற கட்டளையைக் கொண்டு சரிசெய்யலாம்தான், ஆனால் எல்லோருக்கும் அது கைவராது. சி-யோடு அந்தச் சின்னப் பகுதிகள் எல்லாவற்றையும் சேர்த்தே எடுங்கள். இடம் பெரிதாக எடுக்காது, ஏனென்றால் நல்ல மென்பொருள்கள் பாவித்த இடத்தை மட்டுமே பதிகின்றன.

இதோடு இன்னொரு குழப்பமும் உண்டு. சிஸ்டம் ரிஸ்டோர் என்பது இமேஜ் அல்ல. அது சி-க்குள்ளேயே சில அமைப்புகளின் பழைய நிலையை வைத்திருப்பது. டிஸ்க் போனால் அதுவும் போய்விடும்.

தூங்குகிற வின்டோஸும் பூட்டிய வின்டோஸும்

குளோன்சில்லா போன்ற இமேஜ் மென்பொருள்களைப் பென் டிரைவிலிருந்து தொடங்கி இமேஜ் எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: வின்டோஸ் 10, 11 இரண்டிலும் ஷட் டவுன் கொடுத்தால் அது முழுதாக அணைவதில்லை. பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி பாதி நிலையை டிஸ்க்கில் எழுதிவிட்டுத் தூங்கப்போகிறது. அந்த நிலையில் வெளியிலிருந்து படிக்கப்போனால் மென்பொருள் மறுக்கும், அல்லது எச்சரிக்கும். பவர் ஒப்ஷன்சில் அதை நிறுத்திவிடுங்கள். அவசரமென்றால் ஷட் டவுனுக்குப் பதிலாக ரீஸ்டார்ட் கொடுத்து, நேரே பென் டிரைவுக்குப் போங்கள். வின்டோஸுக்குள்ளிருந்தே இமேஜ் எடுக்கும் மென்பொருளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

டிஸ்க்கையே பூட்டி வைக்கும் வின்டோஸ் வசதியான பிட்லொக்கர் இதைவிடக் கடுமையானது. புது மடிக்கணினிகளில், மைக்ரோசொப்ட் கணக்கோடு நுழைந்தாலே, கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கும் மென்பொருளுக்கு அது புரியாத எழுத்துக் குவியல்தான். ஆகவே 60 ஜிபி மட்டும் பாவித்திருந்தாலும் முழு டிஸ்க்கையும் அப்படியே பிரதி எடுக்கும். திரும்ப ஏற்றிய பிறகு 48 இலக்க மீட்புத் திறப்பைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லையென்றால் நீங்கள் மட்டுமல்ல, யாருமே திறக்க முடியாது. இமேஜ் எடுக்க முன்னரே அந்த இலக்கங்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு: வின்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் இமேஜ் பூட்டில்லாமல் பதிவாகும். ஊர்ச் சனத்தின் விவரங்கள் உள்ள அலுவலகக் கணினி என்றால், இமேஜுக்கே கடவுச்சொல் போட வேண்டும்.

சோதித்துப் பார்க்காமல் விடுவது

இமேஜ் எடுத்த எல்லோரிடமும் நான் ஒன்று கேட்பேன்: “இதை எதைக் கொண்டு திரும்ப ஏற்றுவியள்?” பாதிப்பேரிடம் பதில் இருக்காது. வின்டோஸே திறக்காத நாளில்தான் இமேஜ் தேவைப்படும். அன்று வின்டோஸுக்குள் இருக்கும் மென்பொருளால் என்ன பயன்? வின்டோஸ் இல்லாமலே கணினியைத் தொடங்கக்கூடிய மீட்புப் பென் டிரைவ் ஒன்றைக் கணினி நன்றாக இருக்கும்போதே செய்து வைக்க வேண்டும். செய்து வைத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து ஒருமுறை கணினியைத் தொடங்கிப் பார்க்க வேண்டும். உள் டிஸ்க் தெரிகிறதா? வெளி டிஸ்க் தெரிகிறதா? இமேஜ் கண்ணில் படுகிறதா? சில இன்டெல் கணினிகளில் உரிய டிரைவர் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி தெரியவே தெரியாது. அதை அவசர நாளில் கண்டுபிடித்து என்ன செய்வது?

அடுத்து, மென்பொருளில் வெரிபை என்று, இமேஜைச் சரிபார்க்கும் வசதி இருக்கும். நேரம் எடுத்தாலும் அதை ஓடவிடுங்கள். பின்னர் இமேஜைத் திறந்து உள்ளே இரண்டு மூன்று கோப்புகளைப் பாருங்கள். கைவசம் பழைய டிஸ்க் ஒன்று இருந்தால் அதில் முழுதாக ஏற்றி, கணினி எழும்புகிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான சோதனை. நான் அப்படிச் செய்து பார்க்காத இமேஜை நம்பி யாருடைய டிஸ்க்கையும் அழிப்பதில்லை.

மென்பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய இமேஜ் மென்பொருளான நோர்ட்டன் கோஸ்ட் 2013இல் நிறுத்தப்பட்டது; பழைய சிடியில் இருந்து இன்னும் அதைப் பாவிக்கிறவர்கள் விட்டுவிடுங்கள். வின்டோஸிலேயே உள்ள சிஸ்டம் இமேஜ் வசதியை 2017இலேயே மைக்ரோசொப்ட் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. இலவசமாக வேண்டுமென்றால் குளோன்சில்லா இருக்கிறது. அதன் திரை பயமாக இருந்தால் ரெஸ்கியூசில்லா எளிது.

திரும்ப ஏற்றும் நாளில்

இங்கேதான் கை நடுங்க வேண்டும். இமேஜ் ஏற்றுவது என்றால் அந்த இடத்தில் இப்போது இருப்பதை அழிப்பது. முழு டிஸ்க்கின் இமேஜை ஏற்றினால் டி-யும் அழிந்து பழைய நிலைக்குப் போய்விடும். சி-யை மட்டும் ஏற்றினாலும் டெஸ்க்டொப், டொக்கியூமன்ட்ஸ் இரண்டும் சி-க்குள்தான் இருக்கின்றன. ஆடியில் எடுத்த இமேஜைக் கார்த்திகையில் ஏற்றினால், இடையில் டெஸ்க்டொப்பில் சேமித்த புள்ளிப் பட்டியல் எல்லாம் காணாமல் போகும். வின்டோஸ் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. மீட்புப் பென் டிரைவிலிருந்தோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டியோ, முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். அப்புறம் ஏற்றலாம்.

எந்த டிஸ்க்கில் ஏற்றுகிறோம் என்பதில் தவறு நடந்தால் திருத்த வழியில்லை. மீட்புப் பென் டிரைவிலிருந்து தொடங்கினால் சி, டி என்ற பெயர்கள் மாறியிருக்கலாம். குளோன்சில்லாவில் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்களைத்தான் காட்டும். அளவையும் மொடல் பெயரையும் பார்த்து முடிவெடுங்கள். தேவையில்லாத டிஸ்க்குகளைக் கழற்றி வைத்துவிட்டால் நிம்மதி.

பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை விட்டு 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாறுகிறவர்கள் இப்போது அதிகம். குளோன்சில்லா, சாதாரணமாக, சிறிய டிஸ்க்கில் ஏற்ற மறுக்கும். இமேஜ் எடுக்க முன்னரே பகுதிகளைச் சுருக்கி, எஸ்எஸ்டிக்குள் அடங்கும்படி செய்ய வேண்டும். பழைய டிஸ்க் செத்த பிறகு இதைச் செய்ய முடியாது.

யூஈஎப்ஐ முறையில், அதாவது மேலே சொன்ன ஈஎப்ஐ பகுதியிலிருந்து தொடங்கும் புதிய முறையில், போட்ட வின்டோஸ் என்றால், மீட்புப் பென் டிரைவையும் அதே முறையில் தொடங்குங்கள். வேறு கணினியில் எடுத்த இமேஜை இன்னொன்றில் ஏற்றுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. டிரைவரும் லைசன்ஸும் இரண்டு பக்கமும் இழுக்கும்.

கரண்ட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. இப்போது அந்த நிலை இல்லையென்றாலும் ஐப்பசி இடிக்கு எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. யூஎஸ்பி 2 வழியாக 60 ஜிபி ஏற்ற அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சின்ன யூபிஎஸ் அவ்வளவு தாங்குமா என்று முன்பே பாருங்கள். நீல நிற யூஎஸ்பி 3 துளையில் செருகினால் நேரம் நன்றாகக் குறையும். ஏற்றும்போது கரண்ட் போனாலும் இமேஜ் கெடாது, திரும்ப முதலிலிருந்து தொடங்கலாம். எடுக்கும்போது போனால் அந்தப் பாதி இமேஜை அழித்துவிட்டுப் புதிதாக எடுங்கள்.

அந்த ஆசிரியருக்கு வின்டோஸை முதலிலிருந்து போட்டுக் கொடுத்தேன். புள்ளிகளில் ஒரு பகுதி வகுப்பாசிரியர்களின் பதிவேடுகளில் இருந்ததால் திரும்பத் தட்டெழுதினார்கள். போகும்போது சின்ன வெளி டிஸ்க் ஒன்று வாங்கினார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதில் புது இமேஜ் எடுத்து, மேலே ஒரு காகிதம் ஒட்டினோம்: எடுத்த தேதி, எந்தக் கணினி, வின்டோஸ் 11, யூஈஎப்ஐ, டிஸ்க் 240 ஜிபி, ஏற்ற வேண்டிய பென் டிரைவ் அதிபரின் அலுமாரியில்.