ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டுக்கு இன்வேரியண்ட் எழுதுவது எப்படி?

பிளாக்செயினில் தானாக இயங்கும் நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டை எழுதும் மொழி சாலிடிட்டி. அதில் ஓரளவு எழுதப் பழகிவிட்டீர்கள், டெஸ்ட்டும் எழுதுகிறீர்கள், எல்லாம் பச்சையாகத்தான் வருகிறது. ஆனால் அந்த டெஸ்ட்கள் நீங்கள் யோசித்த வழிகளை மட்டுமே பார்க்கின்றன. திருட வருகிறவன் நீங்கள் யோசிக்காத வழியில்தான் வருவான். அதனால் யார், எதை, எந்த வரிசையில் கூப்பிட்டாலும் உடையவே கூடாத விதிகள் எவை என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அவற்றைத்தான் இன்வேரியண்ட் என்கிறார்கள். எத்தீரியத்தின் நாணயமான ஈதரைப் போட்டு எடுக்கும் ஓர் எளிய பெட்டகத்தை வைத்துப் பார்ப்போம்.

படி 1: விதியைச் சாதாரண வாக்கியமாக எழுதுங்கள்

கோட் பக்கமே இன்னும் போக வேண்டாம். நம் பெட்டகத்துக்கு முக்கியமான விதி இது: உள்ளே இருக்கும் ஈதர், எல்லோருடைய கணக்கிலும் எழுதியிருக்கும் தொகையின் கூட்டுக்குக் குறையக் கூடாது. "சமமாக இருக்க வேண்டும்" என்று எழுதத்தான் கை போகும், எழுதாதீர்கள். டெபாசிட் ஃபங்ஷனைத் தொடாமலே செல்ஃப்டிஸ்ட்ரக்ட் (ஒரு கான்ட்ராக்ட் தன் ஈதரையெல்லாம் வேறு முகவரிக்கு அனுப்பும் கட்டளை) வழியாக யார் வேண்டுமானாலும் உங்கள் கான்ட்ராக்ட்டுக்குள் ஈதரைத் திணிக்க முடியும். சமம் என்ற நிபந்தனையைக் கோடிலேயே வைத்திருந்தால், ஈதரின் மிகச் சிறிய அலகான வெய் ஒன்றே ஒன்று கூடினாலும் பெட்டகம் மொத்தமாக முடங்கிவிடும்.

படி 2: வரிசையைச் சரி பாருங்கள்

பெட்டகத்தில் 10 ஈதர், அதில் திருடன் கணக்கில் 1. முதலில் பணத்தை அனுப்பிவிட்டு அப்புறம் கணக்கைக் குறைக்கிறீர்கள் என்று வையுங்கள். அனுப்பிய அந்த நொடியில் உள்ளே 9, கணக்குப்படி 10. விதி உடைந்து கிடக்கிற அந்த இடைவெளியில் அவனுடைய கான்ட்ராக்ட் மறுபடி "எடு" என்று கூப்பிடுகிறது, அவன் கணக்கில் இன்னும் 1 இருக்கிறது, மறுபடி கிடைக்கிறது. 2016 ஜூனில் தி டாவோ என்ற முதலீட்டு நிதிக் கான்ட்ராக்ட்டிலிருந்து சுமார் 36 லட்சம் ஈதர் இப்படித்தான் வெளியேறியது.

கணக்கை முதலில் குறைத்தால் கணக்குப்படி 9, உள்ளே 10. அனுப்பிய பின் 9, 9. எந்த நொடியிலும் விதி உடையவில்லை. சாலிடிட்டி 0.8 முதல் கழித்தல் பூஜ்யத்துக்குக் கீழே போனால் டிரான்சாக்‌ஷன் தானாக ரிவர்ட் ஆகும், அதாவது ரத்தாகும் என்பது உண்மைதான், ஆனால் கணக்கை நேரடியாகப் பூஜ்யமாக்கும் கோடில் அது காப்பாற்றாது.

வகுத்தல் வரும் இடங்களில் மிஞ்சும் மீதியைப் பெட்டகத்தின் பக்கம் விடுங்கள், பயனர் பக்கம் அல்ல. அப்போதுதான் உள்ளே இருப்பது கணக்குக்குக் குறையாது.

படி 3: விதியை உடைக்க இயந்திரத்தை விடுங்கள்

சாலிடிட்டி டெஸ்ட் கருவியான ஃபவுண்ட்ரியில் "இன்வேரியண்ட்" (invariant) என்று தொடங்கும் பெயரில் ஒரு டெஸ்ட் ஃபங்ஷன் எழுதி அதில் விதியைச் சரிபாருங்கள். ஃபவுண்ட்ரி உங்கள் ஃபங்ஷன்களைக் கண்டபடி வரிசை மாற்றி, கண்ட எண்களோடு கூப்பிட்டுப் பார்க்கும். இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். கண்ட எண்களோடு கூப்பிட்டால் பெரும்பாலான அழைப்புகள் ரிவர்ட் ஆகிவிடும், இயல்பான அமைப்பில் ரிவர்ட் ஒரு தோல்வியாகவும் எண்ணப்படாது, ஆகவே எதையுமே சோதிக்காமல் டெஸ்ட் பச்சையாகும்! நடுவில், அழைப்புகளைச் சரிசெய்து பெட்டகத்துக்கு அனுப்பும் ஒரு ஹேண்ட்லர் கான்ட்ராக்ட் வைத்து, பயனர்களுக்கு ஈதர் கொடுத்து, தொகையை ஒரு வரம்புக்குள் அடக்குங்கள். முகவரிக்கு எதிரே தொகையை வைத்திருக்கும் மேப்பிங்கை லூப் போட்டுக் கூட்ட முடியாது என்பதால் பயனர் முகவரிகளையும் ஹேண்ட்லரிலேயே ஒரு பட்டியலாக வையுங்கள்.

அப்புறம் கணக்கைக் குறைக்கும் வரியை வேண்டுமென்றே நீக்கிவிட்டு ஓட்டுங்கள். சிவப்பு வரவில்லையென்றால் கோளாறு டெஸ்ட்டில்தான். ரீஎன்ட்ரன்சியையும் (படி 2-இல் பார்த்த, மறுபடி கூப்பிட்டுத் திருடும் வழி) பிடிக்க வேண்டுமானால், பணம் வந்ததும் திரும்பக் கூப்பிடும் ஒரு திருட்டுக் கான்ட்ராக்ட்டை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். தானாக அது சிக்காது.

படி 4: புதிய ஃபங்ஷன் வந்தால் முதலிலிருந்து

2023 மார்ச்சில் கிரிப்டோவில் கடன் தரும் தளமான யூலர் ஃபைனான்ஸிலிருந்து சுமார் 19.7 கோடி டாலர் போனது. "கடனுக்கு ஏற்ற ஈடு இருக்கிறதா" என்ற சோதனை மற்ற இடங்களில் இருந்தது. பின்னால் சேர்த்த, ரிசர்வுக்கு நன்கொடை கொடுக்கும் ஃபங்ஷனில் அது இல்லை. தன் ஈட்டைத் தானே தானம் செய்து, தன் கணக்கையே திவாலாக்கி, அதையே இன்னொரு கணக்கால் தள்ளுபடியில் வாங்கிக்கொண்டான் திருடியவன். (பெரும்பகுதி பிறகு திரும்பி வந்தது, அது வேறு கதை.) நீங்களும் புதிதாக ஒரு ஃபங்ஷன் எழுதினால் அதை ஹேண்ட்லரிலும் சேர்த்துவிடுங்கள். ஹேண்ட்லரை மட்டும் இலக்காக வைத்திருக்கும்போது, அதில் இல்லாத ஃபங்ஷனை ஃபவுண்ட்ரி ஒருமுறைகூடக் கூப்பிடாது.