வளர்த்த ஆமைக்கு வேறு வீடு தேடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எனக்கு இந்த அழைப்புகள் வர ஆரம்பிக்கும். "சார், வீட்ல ஒரு ஆமை இருக்கு, யாராவது எடுத்துக்குவாங்களா?" கலர் மீன் கடையில் ஐந்து ரூபாய் நாணய அளவில் வாங்கியது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்திருக்கும். அல்லது சின்ன ஃபிளாட்டுக்கு மாறுவார்கள். அல்லது ஊரிலிருந்து வந்த பெரியம்மா "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்" என்று ஆரம்பித்திருப்பார். காரணம் எதுவானாலும் பரவாயில்லை, வளர்க்க முடியாதபோது கொடுக்கத்தான் வேண்டும். அந்த முடிவுக்குப் பிறகு நடப்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. புதிதாக வளர்ப்பவர்கள் ஒரே மாதிரித் தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்த சின்ன விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

எந்த ஆமை என்று தெரியாமலே வீடு தேடுவது

முதலில் பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுங்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடும், விரல்களுக்கு நடுவே சவ்வும் இருந்தால் அது சிவப்புக்காது ஆமை, கடைக்காரர்கள் சொல்லும் 'ஸ்லைடர்'. அமெரிக்காவிலிருந்து வந்த நீராமை. கருப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரமாக விரிந்திருந்தால் அது நம் நாட்டு நட்சத்திர ஆமை. மழைக்காலத்தில் சென்னையில் மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் தெருவில் நடந்து வந்ததைப் பிடித்து வாளியில் போட்டிருக்கிறீர்கள், ஓடு தோல் மூடினாற்போல் வழவழவென்று இருக்கிறது என்றால் அது பாலாமையாக இருக்கலாம்.

பின்னால் சொன்ன இரண்டுக்கும் நீங்கள் வீடு தேடவே கூடாது. இரண்டும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. 2022 திருத்தத்துக்குப் பிறகு நட்சத்திர ஆமை அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புள்ள விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது. குறைந்தபட்சத் தண்டனையே மூன்று வருடச் சிறை, ஏழு வருடம் வரை போகலாம். பணம் வாங்காமல் நண்பருக்குக் கொடுத்தாலும் குற்றம்தான், வாங்கியவரும் மாட்டுவார். வனத்துறையிடம் ஒப்படைப்பது ஒன்றே வழி. கிண்டியில் வனவிலங்குக் காப்பாளர் அலுவலகம் இருக்கிறது. முதலில் போன் செய்து விஷயத்தைச் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். நீங்களாகப் பையில் போட்டுக்கொண்டு ஊர் முழுக்க அலைய வேண்டாம்.

கோயில் குளத்தில் விடுவது

இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. படித்தவர்கள், பக்தி உள்ளவர்கள், ஆமையை உண்மையிலேயே நேசித்தவர்கள் செய்வது இது. கூர்மாவதாரம், புண்ணியம், சுதந்திரம் என்று மூன்று காரணம் சொல்வார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் மாம்பலத்தில் ஒரு வயதான தம்பதி, பத்து வருடத்துக்கு மேல் வளர்த்த நட்சத்திர ஆமையை ஓர் ஆடி வெள்ளிக்கிழமை குங்குமம் இட்டுக் குளத்தில் இறக்கிவிட்டார்கள். மறுநாள் காலை பூக்கார அம்மா ஒருவர் அது கீழ்ப்படியில் தண்ணீருக்குள் கிடப்பதைப் பார்த்து, ஒரு பையனை இறங்கச் சொல்லி எடுத்தார். நான் போனபோது கழுத்து வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. தலையைக் கீழாகப் பிடித்ததும் மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வழிந்தது. மூச்சு இருந்தது, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நுரையீரலில் சளி கட்டி மூன்றாம் நாள் இறந்துவிட்டது. அதை வளர்த்த அம்மா அழுதுகொண்டே கேட்டது ஒன்றுதான்: "குளத்துலதானே சார் ஆமை இருக்கும்?"

இல்லை அம்மா. நட்சத்திர ஆமை புதர்க்காட்டில், காய்ந்த புல்வெளியில் வாழ்வது. கால் உருண்டு திரண்டு இருக்கும், சவ்வு கிடையாது. கனமான ஓட்டோடு ஆழத்தில் விட்டால் மூழ்கும். அப்படியே கரைக்கு வந்தாலும் கோயில் குளத்தின் கற்படி ஒவ்வொன்றும் அதன் உயரத்தைவிட அதிகம். நீந்தவும் முடியாது, ஏறவும் முடியாது.

"சரி, எங்களுடையது ஸ்லைடர், அதுதான் நீந்துமே" என்பார்கள். நீந்தும், பிழைத்தும் விடும். பிரச்சினையே அதுதான். உலகில் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இது இருக்கிறது. மீன் குஞ்சு, தலைப்பிரட்டை, நீர்ச்செடி எல்லாவற்றையும் தின்னும். வெயில் காயும் கல்லிலிருந்து நம் காராமையையும் பாலாமையையும் தள்ளிவிடும், நோயையும் பரப்பும். கோடையில் குளம் வற்றினால் வேறு தண்ணீர் தேடிச் சாலையில் இறங்கும். 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஒருவர் பெட்டியோடு நின்று இதைக் கொட்டப் போனதைத் தடுத்திருக்கிறேன். ஸ்லைடர் முப்பது வருடம் வாழக்கூடியது. நீங்கள் விட்டுவிட்டு வந்த இடத்தில் அத்தனை வருடமும் அது தின்றுகொண்டிருக்கும். குளம், ஏரி, அடையாற்று முகத்துவாரம், எங்கேயும் விடாதீர்கள்.

பூங்கா வாசலில் வைத்துவிட்டு வருவது

வண்டலூரோ, வடநெம்மேலி முதலைப் பண்ணையோ, கிண்டி பாம்புப் பண்ணையோ வேண்டாத செல்லப் பிராணிகளுக்கான காப்பகங்கள் இல்லை. கேட்காமல் போகாதீர்கள்.

தண்ணீர்க் கணக்கைக் கேட்காமல் கொடுப்பது

ஸ்லைடரைக் கேட்டு வருபவரிடம் "பிடிக்குமா?" என்று கேட்டுப் பயனில்லை. மே மாதம் உங்கள் வீட்டில் தண்ணீர் எப்படி என்று கேளுங்கள். ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர் என்பது வளர்ப்பவர்களின் கணக்கு. பத்து அங்குல ஆமைக்கு 400 லிட்டர் தொட்டி வேண்டும். ஃபில்டர் போட்டாலும் அதில் ஒரு பகுதியை அடிக்கடி மாற்றியாக வேண்டும். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் வீட்டில் அது முடியாது. இரண்டே மாதத்தில் ஆமை பிளாஸ்டிக் டப்புக்கு வந்துவிடும். நேரில் போய்த் தொட்டியைப் பாருங்கள். வெயில் காய உலர்ந்த மேடை இருக்கிறதா என்றும் பாருங்கள். வெயிலுக்குப் பதிலாகப் புற ஊதாக் கதிர் தரும் உங்கள் யூவிபி விளக்கையும் கூடக் கொடுப்பதென்றால், வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தால் புதிது வாங்கச் சொல்லிக் கொடுங்கள். வெளிச்சம் வரும், ஆனால் ஓட்டுக்கு வேண்டிய கதிர் போயிருக்கும்.

"தோட்டம் இருக்கு" என்றதும் சரி என்பது

இது சல்காட்டா வைத்திருப்பவர்களுக்கு. கையடக்கமாக வாங்கிய இந்த ஆப்பிரிக்க ஆமை 40 கிலோவையும் தாண்டும். பள்ளம் தோண்டும், மதில் சுவருக்கு அடியிலும் தோண்டும். ஈசிஆர் தோட்ட வீடு பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஐப்பசி மழையில் அந்தப் பள்ளம் நிரம்பினால் உள்ளே தூங்கும் ஆமை என்ன ஆகும்? மேடான, கூரை போட்ட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2024இல் வந்த விதிகளின்படி மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் வேண்டும், கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

பார்சல்

பஸ்ஸிலும் கூரியரிலும் அனுப்பாதீர்கள்.

ஐந்து வயதுக்குள் குழந்தை இருக்கும் வீடு

வேண்டாம். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மொனெல்லா கிருமி ஆரோக்கியமான ஆமையிடமும் இருக்கும்.

கொடுத்ததோடு மறந்துவிடுவது

புது இடத்தில் ஆமை சில நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். இது தெரியாமல் புதியவர் பயந்துபோய் மூன்றாவது ஆளிடம் தள்ளிவிடுவார், அங்கே மறுபடியும் அதே கதை. என்ன சாப்பிட்டது, எப்போது சாப்பிட்டது, என்ன நோய் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முதல் இரண்டு வாரம் நீங்களே போன் செய்து கேளுங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, கண் வீங்கி மூடியிருந்தாலோ காத்திருக்கக் கூடாது, அன்றே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அவரால் போக முடியவில்லை என்றால் நீங்கள் போங்கள்.