வீட்டில் செய்யும் நீர்மூழ்கி: பாரத்திலும் காற்றிலும் விடும் பிழைகள்

மட்டக்களப்பில் வீட்டு முற்றத்தில் நீர்மூழ்கி கட்டப் போகிறேன் என்று சொன்னால் கேட்பவர் முதலில் சிரிப்பார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “நேவிக்குத் தெரியுமா?” என்பார். நியாயமான கேள்விதான், போர் நடந்த கடல் இது. கடற்படைக்கும் பொலிசுக்கும் எழுத்தில் அறிவிக்காமல் ஒரு வெறும் பரலைக்கூட கடலில் இறக்க வேண்டாம். அந்த வேலையை முடித்தவர்களுக்கே மற்றதெல்லாம்.

இங்கே பேசுவது இரும்புக் கூட்டுக்குள் அடைத்துக்கொண்டு போகும் நீர்மூழ்கியைப் பற்றியல்ல. சின்ன வயதில் கிணற்றுக்குள் வாளியைக் கவிழ்த்து அமுக்கிப் பார்த்திருப்பீர்கள். உள்ளே காற்று நிற்கும், அடியில் தண்ணீர் நிற்கும். அந்த வாளியைப் பெரிதாக்கி, இருக்கை, மோட்டர், காற்றுச் சிலிண்டர் பொருத்தினால் அதுதான் இந்த வகை. அடி திறந்திருப்பதால் உள்ளே இருக்கும் காற்றின் அமுக்கமும் வெளியே தண்ணீரின் அமுக்கமும் ஒன்றாகவே இருக்கும். சுவர் நசுங்காது, வள்ளம் கட்டுகிற பைபர் கிளாஸே போதும். இந்த மலிவில்தான் ஆட்கள் மயங்குகிறார்கள். பாரத்தைக் கிலோ கிலோவாக எண்ணி வைத்துவிட்டு, காற்றைக் கணக்கில் எடுக்காமல் இறங்கிவிடுகிறார்கள்.

காற்றுக் கணக்கு பாடசாலையில் படித்த போயிலின் விதிதான்: அமுக்கம் கூடக் கூடக் காற்றின் கனவளவு குறையும். கடல் மட்டத்தில் ஒரு வளிமண்டல அமுக்கம், ஒவ்வொரு 10 மீற்றருக்கும் இன்னொன்று கூடும். 1,000 லீற்றர் காற்றுள்ள கூடத்தை, அதாவது ஆள் இருக்கும் அந்தக் கவிழ்த்த வாளியை, நீர்மட்டத்தில் வைத்து, மிதக்கவும் இல்லை தாழவும் இல்லை என்கிற அளவுக்குப் பாரம் ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு மீற்றர் இறங்கியதும் அந்தக் காற்று ஏறக்குறைய 909 லீற்றராகச் சுருங்கும். மேலுதைப்பு, அதாவது தண்ணீர் மேலே தூக்கும் விசை, 90 கிலோவுக்கு மேல் போய்விட்டது. ஆகவே இன்னும் இறங்கும், இறங்க இன்னும் சுருங்கும், சுருங்க இன்னும் வேகமாக இறங்கும். 10 மீற்றரில் பாதிக் காற்றுத்தான் மிச்சம். அங்கிருந்து 20 மீற்றருக்குப் போனால் 500 லீற்றர் 333 ஆகும், அவ்வளவுதான். பெரிய மாற்றம் முழுவதும் மேற்பக்கத்திலேயே நடந்து முடிகிறது. “பாசிக்குடாக் கடலில் ஆழமே இல்லையே, பயமில்லாமல் பழகலாம்” என்று ஆட்கள் சொல்வது அதனால் பாதி உண்மைதான். அடி பக்கத்தில் இருப்பது நல்லது. ஆனால் கட்டுப்பாடு கைவிட்டுப் போவது அந்த முதல் சில மீற்றரில்தான்.

இதற்கு வழி, கூடத்துக்குள் தண்ணீர் ஏறவிடாமல் இறங்க இறங்கக் காற்றைக் கொடுத்துக்கொண்டே இருப்பது. காற்று கீழ்விளிம்புவரை நிறைந்து, மிஞ்சியது விளிம்பால் குமிழியாக வெளியேற வேண்டும். குமிழி வருகிறதென்றால் காற்றின் கனவளவு மாறவில்லை, மேலுதைப்பும் மாறவில்லை. மேலே வரும்போது விரிகிற காற்றும் அதே வழியால் போய்விடும். இந்த ஒழுங்கு வேலை செய்வது இறங்கும் வேகத்தைப் பொறுத்தது. 1,000 லீற்றர் கூடத்துக்கு ஒரு மீற்றர் இறங்க, கடல் மட்டத்து அமுக்கத்தில் அளந்தால் 100 லீற்றர் காற்று வேண்டும். 10 விநாடிக்கு ஒரு மீற்றர் என்று இறங்கினால் நிமிடத்துக்கு 600 லீற்றர். சின்ன வால்வு அதைத் தராது. வால்வு எவ்வளவு தரும் என்று கரையில் அளந்துவிட்டு, அதற்கு ஏற்ற வேகத்தில் இறங்குங்கள்.

அடுத்த பிழை பாரத் தாங்கியில், அதாவது பாரத்துக்காகத் தண்ணீர் ஏற்றி இறக்குகிற தாங்கியில். அடி திறந்த தாங்கியில் பாதி தண்ணீர், பாதி காற்று வைத்து “சரியாக நிற்கிறது” என்று திருப்திப்படுவார்கள். மேலே சொன்ன சுருங்கல் விளையாட்டு அந்தப் பாதிக் காற்றிலும் நடக்கும். அதோடு தண்ணீர் உள்ளே அலைபாயும். அணியம் (முன்பக்கம்) கொஞ்சம் தாழ்ந்தால் தண்ணீர் முன்னுக்கு ஓடும், காற்று பின்னுக்கு ஓடும், மூக்கு இன்னும் குத்தும். முன்னிலிருந்து பின்வரை ஒரே நீளத் தாங்கி என்றால் கேட்கவே வேண்டாம். திறந்த தாங்கிகள் ஒன்றில் முழுக்கக் காற்று, இல்லையென்றால் முழுக்கத் தண்ணீர். இடை அளவு வேண்டுமென்றால், நசுங்காத கனத்த இரும்பில் மூடிய சின்னத் தாங்கி ஒன்று வைத்து அதற்குள் தண்ணீரை ஏற்றி இறக்குங்கள்.

பாரத்தைத் தராசில் நிறுத்துவிட்டு அதே கணக்கைக் கடலுக்குள் கொண்டுபோவதும் வழக்கமான பிழை. பாரமும் தண்ணீருக்குள் மேலுதைப்பு வாங்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கடல்நீரில் 1,000 லீற்றர் காற்றை அடக்க 1,025 கிலோ இழுவை வேண்டும். ஈயம் என்றால் தரையில் நிறுத்து ஏறக்குறைய 1,130 கிலோ, கொங்கிரீட் என்றால் ஏறக்குறைய 1,800 கிலோ. மலிவென்று கொங்கிரீட் போடுகிறவருக்கு இடமும் வேண்டும், கரைக்கு இழுக்க ட்ரக்டரும் வேண்டும். மண் மூட்டை வேண்டவே வேண்டாம், சரியும். வள்ளத்தில் அடைக்கிற ரெஜிபோமை மிதப்புக்கு நம்புவதும் அப்படித்தான். ஆழத்தில் அது நசுங்கும், நசுங்கினது திரும்ப நிமிராது. மூடிய பிளாஸ்டிக் பரலும் அதே கதைதான்.

பாரம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தண்ணீருக்குள் மிதப்பு மையம் மேலேயும் புவியீர்ப்பு மையம் கீழேயும் இருந்தால்தான் நிமிர்ந்து நிற்கும். ஆபத்தில் கழற்றிவிட என்று ஒரு பாரத்தை அடியில் கட்டுவீர்கள். அதைக் கழற்றிய பிறகும் நிமிர்ந்து நிற்குமா என்று யாரும் சோதிப்பதில்லை. அடிப்பாரம் போனதும் கவிழ்கிற நீர்மூழ்கி, காப்பாற்றுவதற்குப் பதிலாக ஆளைத் தலைகீழாக வைத்துவிடும். கழற்றும் கொளுக்கி உப்பில் இறுகிப்போகும், ஒவ்வொரு முறை இறங்குவதற்கு முன்னும் ஒரு தடவை கழற்றிப் பார்க்க வேண்டும்.

நம்ம ஊருக்கென்றே ஒரு பிழை இருக்கிறது. மாரியில் வெள்ளம் வந்து, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டும் காலத்தில் வாவித் தண்ணீர் கிட்டத்தட்ட நன்னீர். கோடையில் உப்பேறிவிடும். நன்னீருக்கும் கடல்நீருக்கும் அடர்த்தி வித்தியாசம் ஏறக்குறைய 2.5 சதவீதம். 1,300 லீற்றர் தண்ணீரை இடம்பெயர்க்கிற நீர்மூழ்கிக்கு அது 30 கிலோவுக்கு மேல். மாரியில் கல்லடியில் வாவிக்குள் பாரம் சரிபார்த்துவிட்டுக் கடலுக்குப் போனால் தாழவே மாட்டேன் என்று நிற்கும், சிரித்துவிட்டுத் திரும்பலாம். கடலில் சரிபார்த்துவிட்டு வாவிக்கு வந்தால் கல்லுப்போலப் போகும், அது சிரிப்பல்ல. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நன்னீர் மேலும் உப்புநீர் கீழுமாக அடுக்காகக் கிடக்கும்போது, நடுவிலே ஒரு கண்ணாடித் தளத்தில் உட்கார்ந்ததுபோல நின்றுவிடும். பழகாதவர் இயந்திரத்தைக் குறை சொல்வார்.

இன்னொன்று எனக்கே முதலில் பிடிபடவில்லை. இரண்டு பேரில் ஒருவர் அடியால் வெளியே நீந்திப் போனால், 70 கிலோ குறைந்து நீர்மூழ்கி உடனே மேலே கிளம்பும் என்று நினைத்தேன். கிளம்பாது. அவர் உடம்பு அடைத்திருந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறுவதால் பாரமும் மேலுதைப்பும் ஒன்றாகவே குறையும். ஆனால் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறதே! அது அந்த 70 லீற்றரையும் நிரப்பி முடிக்கும்போது, வெளியே போனவர் படம் எடுத்துக்கொண்டிருப்பார், நீர்மூழ்கி உள்ளிருப்பவரோடு எழும்பத் தொடங்கும். வெளியே போகிறவருக்குப் பதிலாக அதே இழுவையுள்ள ஈயம் உள்ளே ஏற வேண்டும், அல்லது அந்த அளவு தண்ணீர் மூடிய தாங்கிக்குள் ஏற வேண்டும்.

எழும்பும்போது மூச்சை அடக்கக் கூடாது. ஆழத்தில் இழுத்த காற்று நுரையீரலில் விரியும், இரண்டு மீற்றரிலிருந்துகூட அது காயப்படுத்தும். டயர்க் கடைக் கொம்பிரசர் காற்றைச் சிலிண்டருக்குள் ஏற்றுவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சுவாசிக்கும் காற்று நிரப்பும் இடத்தில் மட்டும் நிரப்புங்கள்.

கட்டி முடிக்கும் முன்பே எல்லோரும் கேட்பது ஹெர்மிஸ். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தப் பிரித்தானியக் கப்பல் நம்ம கடலில் ஏறக்குறைய 50 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. அங்கே ஆறு வளிமண்டல அமுக்கம். 1,000 லீற்றர் கூடத்தை நிறைத்து வைக்க மட்டும் கூடுதலாக 5,000 லீற்றர் காற்று வேண்டும். 11 லீற்றர்ச் சிலிண்டர் ஒன்று 200 பார் அமுக்கத்தில் நிரப்பினால் 2,200 லீற்றர்தான் தரும். மேலே வரும்போது அந்தக் காற்றெல்லாம் விளிம்பால் போய்விடும், திரும்ப இறங்கினால் திரும்பச் செலவு. அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைதரசன் மயக்கம் வரும், நின்று நின்று மேலே வராவிட்டால் இரத்தத்தில் குமிழி வரும். ஹெர்மிஸைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் ஆழ்கடல் சுழியோடப் பயிற்சி எடுத்து, கடல் அமைதியாக இருக்கும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் பழகியவர்களோடு போங்கள். நீர்மூழ்கியை அதுவரை பாசிக்குடாவில், பக்கத்தில் ஒரு வள்ளமும் நீந்தத் தெரிந்த இரண்டு பேரும் இருக்க, ஐந்து மீற்றருக்குள் வைத்திருங்கள்.