லிம்போமா ட்ரீட்மெண்ட் முடிஞ்ச பொறகு எதையெல்லாம் பாத்துக்கோணும்

லிம்போமாங்கற நிணநீர்ப் புத்துநோய்க்கு கீமோ முடிஞ்சு ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சுன்னா உடனே ஆஸ்பத்திரியில ட்ரீட்மெண்ட் சம்மரி கேட்டு வாங்கீருங்க, டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் பத்தாதுங்க. என்னென்ன மருந்து, மொத்தம் எவ்வளவு டோஸ், ரேடியேஷன் எந்த எடத்துல எவ்வளவுன்னு எல்லாம் அதுல இருக்கோணும். கோயமுத்தூர்ல வைத்தியம் பாத்துட்டு கோபிக்கோ தாராபுரத்துக்கோ போயிட்டவங்களுக்கு பல வருஷம் கழிச்சு மூச்சு வாங்குச்சுன்னா, உள்ளூர் டாக்டருக்கு அந்தக் காகிதத்தை வெச்சுத்தான் எதைத் தேடறதுன்னே தெரியும்.

அதுல மொதல்ல டாக்ஸோரூபிசின் இருக்கான்னு பாருங்க, செவப்பா ஏத்துவாங்களே அந்த மருந்து. லிம்போமாவுக்குப் பல மருந்தைச் சேத்துக் குடுக்கற ஏபிவிடி, ஆர்-சாப்ங்கற கீமோ ரெண்டுலயும் உண்டு. இது இருதயத்தைப் பலவீனமாக்கும், அதுவும் வருஷக்கணக்குல கழிச்சுக்கூட. 6 சைக்கிள் ஆர்-சாப் முழு டோஸ்ல போட்டிருந்தா டாக்ஸோரூபிசின் மொத்தம் உடம்புப் பரப்புல சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராம் கணக்கு வருது, 250ஐத் தொட்டாலே கவனமா இருக்கோணும், நெஞ்சுக்கு ரேடியேஷனும் சேந்திருந்தா இன்னும் எச்சா கவனம் வேணும். எக்கோ, அதாவது இருதய ஸ்கேன், எப்ப எப்ப எடுக்கறதுன்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கங்க. பிபி, சுகர், கொழுப்பு மூணும் கட்டுக்குள்ள இருக்கோணும். கால் வீங்குனா வயசாயிருச்சுன்னு விட்றாதீங்க.

கழுத்துல ரேடியேஷன்னா வருஷா வருஷம் டிஎஸ்எச்ங்கற தைராய்டு ரத்த டெஸ்ட், அவ்வளவுதான். தைராய்டு கொறஞ்சாலும் அசதியாத்தான் இருக்கும், மாத்திரையில செரியாயிரும்.

சின்ன வயசுல நெஞ்சுக்கு ரேடியேஷன் வாங்குன பொண்ணுகளுக்கு மார்புப் புத்துநோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகமுங்க. ரேடியேஷன் முடிஞ்சு 8 வருஷமாகி, 25 வயசும் தாண்டியிருந்தா வருஷா வருஷம் மார்பு ஸ்கிரீனிங் பண்ணோணும், மேமோகிராமோட (மார்பு எக்ஸ்ரே) எம்ஆர்ஐ ஸ்கேனும் வேணுமான்னு கேளுங்க. கல்யாணப் பேச்சு கெட்டுருமுன்னு வியாதியவே மறைச்சு செக்கப்பையும் நிறுத்திடற வீடுக இருக்குது, தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க, அந்தப் புள்ளையோட உசுருங்க அது.

வின்கிறிஸ்டின்ங்கற கீமோ மருந்து போட்டவங்களுக்கு கால்ல மரத்துப்போனது லேசுல போகாது. வெறுங்காலோட தோட்டத்துக்குள்ள போகாதீங்க, கருவேல முள்ளு ஏறுனாலும் தெரியாது. தண்ணி கட்டிட்டு வந்ததும் காலைக் கழுவி, வெளிச்சத்துல உள்ளங்காலு, விரலிடுக்கு எல்லாம் பாருங்க, குனிய முடியலீன்னா வீட்டுல யாரையாச்சும் பாக்கச் சொல்லுங்க.

ப்ளியோமைசின்ங்கற கீமோ மருந்து போட்டிருந்தா நுரையீரல்ல கண்ணு வெய்யுங்க. பீடி சிகரெட்டு அறவே வேண்டாம், பஞ்சு மில்லு வேலைன்னா மாஸ்க் கட்டாயம். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க டாக்டர்கிட்ட இந்த மருந்து பேரை மொதல்லயே சொல்லீருங்க, ஆக்ஸிஜன் எவ்வளவு குடுக்கறதுன்னு அவங்க பாத்துப் பண்ணுவாங்க.