நத்தியே தீட்டிய அரசியின் படத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணம் பழகுதல்

பதினெட்டாம் நூற்றாண்டின் மென்மையும் அலங்காரமும் மிகுந்த ரொக்கோக்கோ கலைப் பாணிக் காலத்துப் பிரெஞ்சு அரசகுலப் பெண்களின் உருவப்படங்களைப் பார்த்துத் தீட்டிப் பழக விரும்புவோர், ழான்-மார்க் நத்தியே 1748-இல் வரைந்த அரசி மாரி லெஷ்சின்ஸ்காவின் படத்திலிருந்து தொடங்குவது நல்லது. வெர்சாய் அரண்மனையில் உள்ள அந்தப் படத்தில், பதினைந்தாம் லூயியின் மனைவியான அவர், கிரீடமும் அரச மேலங்கியும் இல்லாமல், ஓரங்களில் மென்மயிர் வைத்துத் தைத்த சிவப்பு உடையணிந்து, திறந்த நற்செய்தி நூலின் மீது கை வைத்து அமர்ந்திருக்கிறார். இவ்வாறு எளிமையாகத் தீட்ட வேண்டும் என்பது அவருடைய விருப்பமே. லூயி தொக்கே 1740-இல் தீட்டிய முழு உருவப் படத்திலோ அரசவை உடையின் வேலைப்பாடு மிகுதி. புதியவர் அதில் இறங்கினால் முகத்துக்கு வருமுன்பே களைத்துவிடுவார்.

முதலில், பர்ன்ட் அம்பர் என்னும் அடர்பழுப்பு வண்ணத்துடன் சிறிது வெள்ளையும் கறுப்பும் கலந்து, டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, கேன்வாஸ் முழுவதும் மெல்லப் பூசி உலரவிடுங்கள். அறையில் காற்றோட்டம் இருக்கட்டும். பிறகு அதே பழுப்பு நிறத்தால் உருவத்தின் வெளிக்கோட்டைப் போடுங்கள். கண், மூக்கு என்று நுணுக்கங்களுக்குப் போகாமல், தலைக்கும் தோளுக்கும் உள்ள சாய்வு சரியாக அமைந்திருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

முகத்துக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். நத்தியேயின் முகங்களில் ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு மிகக் குறைவு. கன்னத்தின் ஓரத்தில் அடர்ந்த பழுப்பைத் தீட்டிவிட்டால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அந்தக் காலத்துச் சாயல் போய்விடும். டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் காவி, சிறிது காட்மியம் சிவப்பு ஆகியவற்றால் தோல் நிறத்தைக் கலந்துகொண்டு, நிழலுக்கு அதிலேயே துளி பச்சை கலந்த சாம்பல் நிறத்தைச் சேருங்கள். கன்னத்தில் பூசிய செம்மை அன்றைய அரசவை ஒப்பனையின் பகுதி என்பதால், அதைத் தயங்காமல் வைத்து, ஈரம் காயுமுன் உலர்ந்த மென்தூரிகையால் விளிம்பை மட்டும் கரையுங்கள்.

உடைக்குக் காட்மியம் சிவப்பையும் அம்பரையும் கலந்து, மடிப்புகளின் மேடு பள்ளங்களை முதலில் தீட்டுங்கள். அது நன்றாக உலர்ந்தபின், ஆளிவிதை எண்ணெயில் கரைத்த அலிசரின் கிரிம்சன் என்னும் அடர்சிவப்பை ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சாகப் பரப்பினால், வெல்வெட்டின் ஆழம் கிடைக்கும். கீழ்ப்பூச்சைவிட மேற்பூச்சில் எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையேல் நாளடைவில் வண்ணம் வெடிக்கும்.

லேஸைக் கடைசியில் தொடுங்கள். துளைகளை ஒவ்வொன்றாக வரைவது வீண் வேலை. அடியில் தெரியும் நிறம் மறையாதபடி நீர்த்த சாம்பல் நிறத்தை இழுத்து, ஒளி விழும் மடிப்பின் விளிம்பில் மட்டும் கெட்டியான வெள்ளையைப் புள்ளிபுள்ளியாக வைத்தால், கண்ணே மீதியை நிரப்பிக்கொள்ளும்.

நாற்காலியில் உள்ள லில்லி மலர்ச் சின்னமே இப்படத்தில் அவர் அரசி என்பதைக் காட்டும் அடையாளம். அதை மங்கலான மஞ்சள் காவியால் இரண்டு மூன்று தீற்றல்களில் முடித்துவிடுங்கள். பளிச்சென்று தீட்டினால் பார்வை முகத்தை விட்டு அங்கே போய்விடும். வார்னிஷ் பூசுவதற்கு ஏறக்குறைய 6 மாதங்களாவது காத்திருங்கள்.