வடசேரியில் நின்றால் மாவட்டம் தெரியாது: மாதிரியெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்து மக்களிடம் கேள்வி கேட்டு மாணவர்கள் கொண்டுவரும் ப்ராஜெக்டில் நான் முதலில் தேடுவது, யாரிடம் கேட்டார்கள் என்பதைத்தான். "எளிய சமவாய்ப்பு முறையில் 200 பேர்" என்று எழுதியிருக்கும். எப்படி எடுத்தாய் என்று கேட்டால், காலை பத்து மணிக்கு நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்று படிவம் கொடுத்தேன் என்பார்கள். அது வசதிக்கு எடுத்த மாதிரி. சமவாய்ப்புக்கு முதலில் முழுப் பட்டியல் வேண்டும்; அதில் ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு வாய்ப்பு இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உடைக்கும் பெண்ணுக்கும், கடலுக்குப் போனவருக்கும், குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டு வேலையில் இருப்பவருக்கும் வாய்ப்பே இல்லை. 200-ஐ 2,000 ஆக்கினாலும் இந்தக் குறை தீராது. 1936-ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை நடத்திய கருத்துக்கணிப்புக்குச் சுமார் 24 லட்சம் பேர் பதில் அனுப்பினார்கள். ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது பத்திரிகை. அவரோ பெருவெற்றி பெற்றார்.

அதைவிடப் பெரிய குழப்பம் படுகை முறைக்கும் கொத்து முறைக்கும் நடுவில். இரண்டிலும் மாவட்டத்தைப் பிரிக்கிறோம், அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். கடற்கரை, நாஞ்சில் நாட்டு வயல்புறம், மேற்கே ரப்பர் மலைப்பக்கம் என்று பிரித்து, மூன்றிலிருந்தும் ஆட்களை எடுத்தால் அது படுகை. ஊர்ப் பட்டியலிலிருந்து 20 ஊர்களை மட்டும் குலுக்கி எடுத்து, ஊருக்கு 20 வீடு கேட்டால் அது கொத்து. சில கிலோமீட்டருக்குள் தொழிலும் சாப்பாடும் பேச்சும் மாறிவிடுகிற மாவட்டம் இது. அதனால் படுகை இங்கே நல்ல பலன் தரும். அதே காரணத்தால் கொத்து முறையில் துல்லியம் குறையும். ஒரு கடற்கரை ஊரில் முதல் வீட்டில் வருமானம் பற்றிக் கேட்ட பதிலைத்தான் பத்தாவது வீட்டிலும் ஏறக்குறைய கேட்பீர்கள்.

இதைக் கணக்கிலேயே பார்க்கலாம். ஒரே ஊர்க்காரர்களின் பதில்கள் ஒத்துப்போகும் அளவு 0.2 என்று வைத்துக்கொள்வோம் (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் ஊரில் எல்லாருக்கும் ஒரே பதில்). ஊருக்கு 20 பேர் என்றால், விடைகளின் சிதறலை அளக்கும் மாறுபாடு (variance) சமவாய்ப்பைவிட 1 + (20 − 1) × 0.2 = 4.8 மடங்காகும். 400 பேரிடம் கேட்டிருந்தாலும், 400-ஐ 4.8-ஆல் வகுத்தால் சுமார் 83 பேரைச் சமவாய்ப்பாகக் கேட்ட துல்லியம்தான் கையில் நிற்கும். கொத்து முறையில் எடுத்துவிட்டு, சமவாய்ப்புக்கான சூத்திரத்தில் பிழை வரம்பு போடுவது அறிக்கைகளில் நான் அடிக்கடி திருத்தும் இடம்.

படுகை முறையிலும் ஒரு வழுக்கல் உண்டு. கடற்கரையில் 1,000 வீடு, வயல்புறத்தில் 6,000, மலைப்பக்கத்தில் 3,000 என்று கொள்ளுங்கள். மூன்றிலும் 100 வீடுகளாக எடுத்ததில், ஒரு பழக்கம் 80, 30, 40 சதவீதம் என்று வந்தது. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 50. வீடுகளின் பங்கை எடையாகக் கொடுத்தால் 8 + 18 + 12, அதாவது 38. சரியான விடை 38தான்.

வரிசையில் ஒவ்வொரு பத்தாவது வீட்டையும் எடுக்கிறவர்கள் தெருவின் அமைப்பைக் கொஞ்சம் பாருங்கள். வரிசைக்குப் பத்து வீடாகக் கட்டிய சுனாமி குடியிருப்பில் மூலை வீடுகள் மட்டுமே சிக்கிவிடலாம்.

கடைசியாக, முறைகளை ஒப்பிடும் விதம். ஆள் எண்ணிக்கையை மட்டும் சமமாக வைத்தால் போதாது. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை சிதறிய 400 வீடுகளுக்கு அலைவதும், 20 ஊர்களில் உட்கார்ந்து கேட்பதும் ஒரே செலவா? புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் வங்காளத்தில் சணல் பரப்பைக் கணக்கிட்டபோது பிழையையும் செலவையும் சேர்த்தே எடைபோட்டார். ஒவ்வொரு முறையிலும் ஒரே ஒரு மாதிரி எடுத்து, உண்மைக்குப் பக்கத்தில் வந்ததே சிறந்தது என்று எழுதாதீர்கள். அது அன்றைய குலுக்கலின் அதிர்ஷ்டமாக இருக்கலாம். முழுப் பட்டியல் கையில் இருந்தால், ஒவ்வொரு முறையிலும் 1,000 தடவை மாதிரி எடுத்து, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பாருங்கள். கம்ப்யூட்டரில் சில நிமிட வேலைதான்.